லேக் டிஸ்ட்ரிக்டில் நான்கு இரவு: அத்தையோடும் பிள்ளைகளோடும் கூடாரமா, மரக்குடிலா?

காரைக்குடி_மருமகள்
மார்ச் 8, இரவு 9.20

வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரம் லேக் டிஸ்ட்ரிக்ட், அதாவது இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரிகளும் மலைகளும் நிறைந்த பகுதிக்குப் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எங்கே தங்குவது என்பதில்தான் மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பெண், ஜூனில் ஊரிலிருந்து வரும் என் அத்தை. அத்தைக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு, இரவில் இரண்டு தடவையாவது பாத்ரூம் போக எழுந்திருப்பார். ஆனால் உற்சாகமானவர். "ஏரிக்கரையில் கூடாரம் போட்டுப் படுக்கலாமா?" என்று வீடியோ காலில் கேட்டதே அவர்தான்.

ஹோட்டல் வேண்டாம். பிள்ளைகள் புல்லில் ஓட வேண்டும், அத்தை வெளியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும், நான் ரசம் வைக்க ஒரு அடுப்பு வேண்டும். கிளாம்பிங், அதாவது கட்டில் மெத்தை வசதியோடு கூடாரத்தில் தங்குவது, என்று தேடினால் நாலைந்து வகை வருகிறது. வட்டமான பெரிய துணிக்கூடாரம், உள்ளே கட்டிலும் விளக்குச் சரமும், மரச்சட்டம் வைத்த வட்டக் கூடாரமான யர்ட், சக்கரம் வைத்த மேய்ப்பர் வண்டி, கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி மரக்குடில், அதைப் பாட் என்கிறார்கள். படத்தில் எல்லாமே அழகு. நாங்கள் ஒரு இரவுகூடக் கூடாரத்தில் படுத்ததில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள். மில்டன் கீன்ஸிலிருந்து காரில் வருவோம்.

ஹாரோ_நடையன்
மார்ச் 8, இரவு 10.45

தங்கச்சி, 2011இல் இருந்து நாங்கள் ஒவ்வொரு வருசமும் அங்கே போகிறோம். எந்தக் கூடாரம் என்பதை இப்போதைக்கு விடுங்கோ. முதலில் எந்தப் பக்கம் என்று முடிவெடுங்கோ, ஏனென்றால் அங்கே மழைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

அட்லாண்டிக் கடலில் இருந்து வரும் ஈரக்காற்று நேரே அந்த மலைகளில் முட்டுகிறது. நடுவில் போரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெய்ட் என்று ஒரு சின்னக் குடியிருப்பு. இங்கிலாந்தில் ஆட்கள் வசிக்கிற இடங்களில் அதிக மழை அங்கேதான், வருசத்துக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப் போல இரண்டரை மடங்கு. பக்கத்து ஹானிஸ்டரில் 2015 டிசம்பர் 5ஆம் திகதி 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியது. அங்கிருந்து கிழக்கே பென்ரித் நகரம் வரை வந்தால் சீத்வெய்ட்டில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கும் வராது. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 30 கிலோமீட்டர் அளவுதான் இருக்கும்.

முதல் தடவை, வயதான அம்மா, நாலு வயதுப் பிள்ளை என்றால் நான் வடகிழக்கு மூலையைத்தான் சொல்வேன். அல்ஸ்வாட்டர் ஏரியின் பூலி பிரிட்ஜ் பக்கம். நல்ல அழகான ஏரி, 12 கிலோமீட்டர் நீளம், கரை தட்டையாக இருக்கும், எம்6 நெடுஞ்சாலையின் 40ஆம் சந்திப்பில் இருந்து பத்துப் பதினைந்து நிமிடம். மலைப்பாதை ஓட்டத் தேவையே இல்லை.

லீட்ஸ்காரன்
மார்ச் 9, காலை 7.10

அக்கா, நான் வேறு கட்சி. மழையைக் கண்டு பயந்தால் லேக் டிஸ்ட்ரிக்டின் பாதி அழகைப் பார்க்காமல் வந்துவிடுவீர்கள். கிரேட் லாங்டேல் பள்ளத்தாக்கின் கோடியில் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் கூடாரத் திடல் இருக்கிறது. சுற்றிலும் மலை, நடுவில் நீங்கள். விண்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையில் லோ ரே என்று அவர்களுடைய இன்னொரு திடல், தண்ணீர் ஓரத்திலேயே. இரண்டிலும் கூடாரம் போடலாம், மரக்குடிலும் உண்டு.

அப்புறம் சொந்தமாக ஒரு கூடாரம் வாங்குங்கள் என்பேன். கிளாம்பிங்குக்கு நான்கு இரவு கொடுக்கிற பணத்தில் நல்ல ஐந்து பேர் கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாம் வாங்கிவிடலாம், பத்து வருடம் உழைக்கும். என் பையன் முதல் தடவை முளை அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டி, "இது நான் கட்டின வீடு" என்று உள்ளே போய் உட்கார்ந்தான். வாடகைக்கு எடுத்த குடிலில் அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

நாஞ்சில்_நர்ஸ்
மார்ச் 9, மதியம் 1.30

லேக் டிஸ்ட்ரிக்ட் இருக்கும் கம்ப்ரியா மாவட்டத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன், வீடும் இங்கேதான். லீட்ஸ்காரத் தம்பி சொல்வது பையனுக்குச் சரி. 68 வயது அம்மாவின் முழங்காலுக்கு என்ன சரி என்று நாம் தனியாக யோசிக்க வேண்டும்.

படத்தில் தெரியாத விஷயங்களைச் சொல்கிறேன்.

வட்டத் துணிக்கூடாரத்தில் கட்டில் இருக்கும், விறகு அடுப்பும் இருக்கும். அடுப்பு பன்னிரண்டு மணிக்கு அணைந்துவிடும். ஆகஸ்டிலும் இங்கே இரவில் 8, 9 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். விடியற்காலை மூன்று மணிக்கு யாராவது எழுந்து விறகு போட வேண்டும். நாலு வயதுக் குழந்தை உருண்டு விளையாடும் இடத்தில் சுடுகிற இரும்பு அடுப்பு எனக்கு ஒப்பவில்லை. மேய்ப்பர் வண்டிக்குச் சக்கரம் இருக்கிறதே, அதனால் வாசலில் மூன்று நாலு படி, செங்குத்தாக, மழையில் வழுக்கும் மரப்படி. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறிவிடுவார்கள், இருட்டில் இறங்குவதுதான் கஷ்டம். மரக்குடிலுக்கு வாசல்படி தாழ்வு, உள்ளே கதகதப்பு. ஆனால் எல்லா மரக்குடிலும் ஒன்றல்ல. சிலவற்றில் கட்டில், மெத்தை, ஹீட்டர், தனிக் கழிப்பறை எல்லாம் உண்டு. சிலவற்றில் வெறும் மரத்தரை மட்டும்தான், பாயும் ஸ்லீப்பிங் பேக்கும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டுக்கும் பெயர் பாட் என்றே இருக்கும்.

அதனால் முன்பதிவு செய்யும் முன் போனில் பேசுங்கள். கழிப்பறை "பக்கத்தில்" என்று சொன்னால் விடாதீர்கள், எத்தனை அடி தூரம், வழியில் விளக்கு உண்டா, தரை சிமென்டா புல்லா என்று கேளுங்கள். கட்டில் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். தரையோடு தரையாக இருக்கும் படுக்கையிலிருந்து உங்கள் அத்தையால் தானாக எழுந்திருக்க முடியாது.

காரைக்குடி_மருமகள்
மார்ச் 9, இரவு 8.05

அக்கா, கட்டில் உயரத்தை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அத்தை ஊரில் பாயில் படுப்பதை நிறுத்தியே நாலு வருடம் ஆகிறது. ரொம்ப நன்றி.

லீட்ஸ்காரத் தம்பி, நீங்கள் எழுதியதை என் பையனிடம் படித்துக் காட்டினேன். இப்போது அவனுக்கு முளை அடிக்க வேண்டுமாம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

வேம்படி
மார்ச் 10, காலை 11.15

சேர்க்கலாம் அக்கா. போன வருசம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். அம்மாவுக்கும் எனக்கும் மகளுக்கும் தனிக் கழிப்பறை உள்ள மரக்குடில் ஒன்று. அதே திடலில், அதற்குப் பக்கத்தில் கூடாரம் போடும் இடம் ஒன்று கேட்டு வாங்கி, இவரும் மகனும் அங்கே படுத்தார்கள். சமையல், சாப்பாடு, கதை எல்லாம் இரண்டுக்கும் நடுவில். சில திடல்களில் குடிலுக்கும் கூடாரத்துக்கும் பகுதி வேறு வேறு, அதை முதலே கேட்டுவிடுங்கள்.

கூடாரத்தில் குளிர் மேலேயிருந்து வருவதில்லை, கீழேயிருந்துதான் வரும். இது தெரியாமல் முதல் இரவு காற்று மெத்தையில் படுத்து இரண்டு பேரும் விடிய விடிய நடுங்கினார்கள். மெத்தைக்குள் இருக்கிற காற்று குளிர்ந்து போய்விடும், மேலே எத்தனை கம்பளி போட்டாலும் முதுகு குளிரும். அம்மாதான் காரில் இருந்த கோரைப்பாயைக் கொடுத்துவிட்டா, வெளியில் இருக்க என்று கொண்டுவந்தது. தரை விரிப்பு, அதன் மேல் பாய், அதன் மேல் ஒரு பழைய கம்பளி, பிறகு மெத்தை. மெத்தைக்கு மேலும் ஒரு கம்பளியை விரித்துவிட்டுப் படுத்தார்கள். இரண்டாம் இரவு மகன் எட்டு மணி வரை எழும்பவில்லை. பாய் இல்லாவிட்டால் யோகா செய்கிற ரப்பர் விரிப்பும் போதும்.

ஹாரோ_நடையன்
மார்ச் 10, இரவு 9.30

வேம்படி சொன்னது நல்ல யோசனை. நான் மின்சாரம் பற்றிச் சொல்கிறேன், எங்கள் ஆட்களுக்கு அது சாப்பாட்டு விசயம்.

கூடாரம் போடும் இடத்தில் ஹூக்-அப் என்று மின் இணைப்பு தனிக் காசுக்குக் கிடைக்கும். பல இடங்களில் அது 10 ஆம்பியர் மட்டும், அதாவது 2,300 வாட். வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் 3,000 வாட். போட்ட உடனே சுவிட்ச் விழுந்துவிடும், இரவு பதினொரு மணிக்கு விழுந்தால் எழுப்பிக் கேட்க ஆள் இருக்காது. ஆனால் ரைஸ் குக்கர் 500, 700 வாட்தான், அது தாராளமாக ஓடும். நாங்கள் ரைஸ் குக்கரிலேயே சோறு, பருப்பு, பொங்கல், கஞ்சி எல்லாம் வைக்கிறோம். தேத்தண்ணிக்கு 1,000 வாட்டுக்குக் குறைந்த சின்னக் கேத்தல் விற்கிறார்கள், அதை வாங்குங்கோ.

தாளிப்பும் பொரியலும் வெளியில், கேஸ் அடுப்பில். சின்ன கேஸ் குப்பிகளில் பியூட்டேன் மட்டும் இருந்தால் குளிர்ந்த காலையில் நெருப்பு சோர்ந்துவிடும். புரோப்பேன் கலந்தது என்று பார்த்து வாங்குங்கோ.

நாஞ்சில்_நர்ஸ்
மார்ச் 10, இரவு 10.10

அண்ணா "வெளியில்" என்று எழுதியதை நான் பெரிய எழுத்தில் எழுத விரும்புகிறேன். மழை பெய்கிறதே என்று அடுப்பையோ பார்பிக்யூவையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். நெருப்பு அணைந்து கரி மட்டும் கனிந்துகொண்டிருக்கும் பார்பிக்யூவிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது. கதகதப்புக்கு என்று உள்ளே வைத்துத் தூங்கினவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். நான் யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. ஒவ்வொரு கோடையிலும் வேலையில் இதை நினைத்து எனக்கு வயிறு கலங்கும். மழைக்கு நான்கு கம்பு நட்டு, மேலே ஒரு தார்ப்பாய் கட்டி, நாலு பக்கமும் திறந்தபடி சமையுங்கள். மரக்குடிலிலும் இதே விதிதான்.

இன்னொன்று, உண்ணி. பெரணிச் செடியும் உயரமான புல்லும் உள்ள இடத்தில் நடந்துவிட்டு வந்தால் சாயங்காலம் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் நகத்தால் பிய்க்காமல், உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து எடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாள், சில வாரம் கழித்தும் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போகவேண்டும், உண்ணிக் கடியால் வரும் லைம் நோயாக இருக்கலாம்.

தேம்ஸ்_தமிழன்
மார்ச் 12, மாலை 6.40

இடையில் ஒரு கேள்வி. ஏன் திடலுக்குப் பணம் கொடுக்க வேண்டும்? 2025 மே மாதம் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் இலவசமாகக் கூடாரம் போடலாம் என்று தீர்ப்பு சொன்னதே? ஏதாவது ஒரு ஏரிக்கரையில் போட்டுப் படுத்தால் என்ன?

லீட்ஸ்காரன்
மார்ச் 12, இரவு 7.25

அந்தத் தீர்ப்பு டார்ட்மூருக்கு மட்டும், அது தென்மேற்கில் டெவன் மாவட்டத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் மற்ற எல்லா இடத்திலும் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும், லேக் டிஸ்ட்ரிக்ட் உட்பட. மலை மேல், கடைசிக் கல்வேலிக்கும் மேலே, பொழுது சாய்ந்து ஒரு சின்னக் கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டாமல், விடிந்ததும் தடயம் இல்லாமல் கிளம்பினால் கண்டுகொள்ளாமல் விடுவது அங்கே வழக்கம். நானே போயிருக்கிறேன். அது தனியாக, முதுகில் மூட்டையோடு ஏறுகிறவர்களுக்கு. ஏரிக்கரையில் குடும்பத்தோடு போட்டால் எழுப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்ப வேண்டும்தான். ஒருநாள் லாங்டேல் பக்கம் ஓடைக்கரையில் யாரோ விட்டுப்போன கூடாரம், கருகின பார்பிக்யூ தட்டு, குப்பைப் பை எல்லாவற்றையும் நானும் நண்பனும் சுமந்துவந்து போட்டோம். தட்டை எடுத்த இடத்தில் புல் செவ்வகமாகக் கருகிக் கிடந்தது. இரண்டு வருடம் கழித்துப் போனபோதும் அந்தச் செவ்வகம் தெரிந்தது.

ஸ்காட்லாந்துக்குப் போனால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை உண்டு. அங்கும் லாக் லோமண்ட் ஏரியின் கரைகளில் பல இடங்களில் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை பெர்மிட் வாங்க வேண்டும்.

தேம்ஸ்_தமிழன்
மார்ச் 12, இரவு 7.50

புரிந்தது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு எழுதிவிட்டேன். நன்றி தம்பி.

காரைக்குடி_மருமகள்
மார்ச் 15, இரவு 9.00

பதிவு செய்துவிட்டேன்! அல்ஸ்வாட்டர், பூலி பிரிட்ஜ் பக்கம் ஒரு பண்ணையில் தனிக் கழிப்பறை உள்ள மரக்குடில், பக்கத்திலேயே கூடாரம் போட ஒரு இடம், ஹூக்-அப்போடு. இதற்கு முன் வேறு இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஓர் இடத்தில் கழிப்பறை எத்தனை அடி என்று கேட்டதற்கு "சின்ன நடைதான்" என்று மூன்று தடவை சொன்னார்கள், தூரத்தைச் சொல்லவில்லை. இந்தப் பண்ணை அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து போய் அளந்து சொன்னார். கட்டில் முழங்கால் உயரம் என்றும் சொன்னார். எனக்கு அப்போதே மனம் நிறைந்துவிட்டது.

இனி பகலில் என்ன செய்வது என்று சொல்லுங்கள். அத்தையால் அரை மணி நேரம் மெதுவாக நடக்க முடியும்.

ஹாரோ_நடையன்
மார்ச் 15, இரவு 10.20

ஏரியில் கப்பல் இருக்கிறது, அதுதான் முதல் நாள். அல்ஸ்வாட்டர் ஸ்டீமர்ஸ் 1859இல் இருந்து ஓடுகிறது. 1877இல் நீரில் இறக்கிய ஒரு கப்பல் இன்னும் சேவையில் உள்ளது. பூலி பிரிட்ஜில் ஏறி ஹவ்டவுன் வழியாக கிளென்ரிடிங் வரை போய், இறங்கித் தேத்தண்ணி குடித்து, அடுத்த கப்பலில் திரும்புங்கோ. அம்மாவை வெளித் தட்டில் இருத்துங்கோ, கம்பளிப் போர்வையோடு.

பூலி பிரிட்ஜில் பாலத்தைக் கவனியுங்கோ. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பழைய கல்பாலம் அடித்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது எவர்சில்வர் பாலம், 2020இல் திறந்தது.

ஏரா ஃபோர்ஸ் அருவி 20 மீட்டர் விழுகிறது, ஆனால் படிகள் அதிகம். அம்மா கீழே மரத்தடியில் இருக்கட்டும், ஒருவர் கூட இருங்கோ. ஒரு நாள் காரில் டார்ன் ஹவ்ஸ் போனால் சின்ன ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் அளவில் சீரான பாதை, சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகும். முழுவதும் சுற்றத் தேவையில்லை, பெஞ்ச் கண்ட இடத்தில் இருந்துவிடலாம்.

நாஞ்சில்_நர்ஸ்
மார்ச் 16, காலை 8.15

டார்ன் ஹவ்ஸ் போகும்போது வழிகாட்டிச் செயலியை முழுக்க நம்பாதீர்கள். பூலி பிரிட்ஜிலிருந்து ஆம்பிள்சைடுக்கு கர்க்ஸ்டோன் கணவாய் வழியாகக் காட்டும், உச்சி 454 மீட்டர், அது பரவாயில்லை, மெயின் ரோடுதான். கணவாய் உச்சியிலிருந்து ஆம்பிள்சைடுக்கு நேரே இறங்கும் குறுக்குச் சாலையை விட்டுவிடுங்கள், "ஸ்ட்ரகிள்" என்பதே அதன் பெயர். மெயின் ரோட்டிலேயே விண்டர்மியர் பக்கம் இறங்கித் திரும்புங்கள். ரைனோஸ், ஹார்ட்நாட் என்ற கணவாய்களின் பெயர்களைத் திரையில் பார்த்தால் உடனே வேறு வழி எடுங்கள். ஹார்ட்நாட் மூன்றுக்கு ஒன்று ஏற்றம், ஒரு கார் அகலம். நான் வந்த புதிதில் செயலி சொன்னதைக் கேட்டு அதில் மாட்டிக்கொண்டு, எதிரே வேன் வர, கிளட்ச் கருகும் வாடையோடு பின்னாலேயே இறங்கினேன். கை நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது.

காரை விட்டுவிட்டும் சுற்றலாம். 2025இலிருந்து இங்கிலாந்தில் உள்ளூர்ப் பேருந்துக்கு ஒரு வழி உச்சக் கட்டணம் 3 பவுண்ட். ஆகஸ்டில் காரில் போனால் பத்து மணிக்குள் பார்க்கிங் நிரம்பிவிடும்.

ஏரியில் குளிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு: கோடையிலும் தண்ணீர் நடுக்கும் குளிர். கரையோரம் ஆழமில்லாமல் இருந்து சட்டென்று இறங்கும். வெயில் நாட்களில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அறிவிப்புப் பலகை வைப்பார்கள், அன்று கால்கூட நனைக்க வேண்டாம்.

வேம்படி
மார்ச் 16, மதியம் 2.00

சாமான்களைப் பென்ரித்தில் வாங்கிவிடுங்கள், அங்கே பெரிய கடைகள் உண்டு. கறிவேப்பிலை, பச்சைமிளகாய், இட்லிமா எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். 40ஆம் சந்திப்புக்குப் போவதால் வழியில் 38க்கும் 39க்கும் இடையில் டீபே என்ற நிறுத்தம் வரும். பண்ணைக் கடையும் வாத்துக் குளமும் உண்டு, பிள்ளைகளை அங்கே இறக்கி ஓடவிடுங்கள். அப்புறம் கூடாரத்தை ஒரு தடவை வீட்டுத் தோட்டத்தில் போட்டுப் பாருங்கள், முதல் தடவை மழையில் வேண்டாம்.

காரைக்குடி_மருமகள்
செப்டம்பர் 1, இரவு 10.30

வந்துவிட்டோம். இரண்டு நாளாக உடுப்பு துவைத்தே ஓய்ந்தது, இப்போதுதான் எழுத உட்கார்கிறேன்.

முதல் இரவு நல்ல தெளிவு. கூடாரத்தைப் பையனும் அவன் அப்பாவும் நாற்பது நிமிடத்தில் கட்டினார்கள். தோட்டத்தில் இரண்டு தடவை பழகியிருந்ததால் சண்டையே வரவில்லை. இரண்டாம் நாள் ஒன்பது மணிக்குத் தொடங்கிய மழை மறுநாள் காலை வரை விடவில்லை. தார்ப்பாயின் கீழ் நின்று ரசம் வைத்தேன். ரைஸ் குக்கர் மரக்குடிலுக்குள், தாளிப்பு வெளியில். கடுகும் பெருங்காயமும் அந்தக் குளிரில் மணந்ததில் பக்கத்துக் கூடாரத்துப் பெண்மணி, வயதானவர், கோப்பையோடு வந்து நின்றார். ஊற்றிக் கொடுத்தேன். இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார். மறுநாள் காலை தன் தோட்டத்துத் தக்காளி ஒரு பை கொண்டுவந்து அத்தையின் மடியில் வைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள்.

அன்று இரவு நான் கவலைப்பட்டது பையனை நினைத்து. மழைச் சத்தம் கூடாரத் துணியில் தடதடவென்று விழுகிறது. பன்னிரண்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். பாய், கம்பளி, மெத்தை, கம்பளி, வேம்படி சொன்ன வரிசையிலேயே போட்டிருந்தோம். உள்ளே தொட்டுப் பார்த்தால் மெத்தை வெதுவெதுப்பு. இருவரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். லீட்ஸ்காரத் தம்பி, காலையில் எழுந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை "ஒழுகலையே!" என்பதுதான். அந்த முகத்தை நானும் பார்த்துவிட்டேன்.

அத்தை இரவில் எழுந்தது இரண்டு தடவை, ஒரு நாள் மூன்று தடவை. ஐந்து எட்டில் கழிப்பறை. யாரையும் எழுப்பவில்லை. வெட்டவெளியில் இருட்டில் நடந்திருந்தால் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருப்பார், எனக்குத் தெரியும்.

கப்பலில் போனோம். ஏரா ஃபோர்ஸில் அத்தை கீழேயே இருந்துகொண்டார், நான் கூட இருந்தேன். டார்ன் ஹவ்ஸ் போக முடியவில்லை, அன்றுதான் மழை. உண்ணி ஒன்று, பெண்ணின் முழங்கால் மடிப்பில், நர்ஸ் அக்கா சொன்ன கொக்கியால் எடுத்தேன், இன்றுவரை சிவப்பு எதுவும் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பண்ணையில் ஹெர்ட்விக் ஆடுகள். குட்டிகள் கறுப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பல் நிறமாகுமாம். தாய் ஆட்டுக்கு முகம் வெள்ளை, குட்டிக்கு முகம் இன்னும் கறுப்பு. "அதுக்குத் தலை நரைச்சிருக்கு, அப்பத்தா மாதிரி" என்று பெண் கண்டுபிடித்துச் சொன்னாள்.

கடைசி நாள் காலை ஆறு மணிக்கு அத்தையைக் காணவில்லை. பதறிப்போய் வெளியே வந்தால், புல்வெளி முடியும் இடத்தில், கரையில் நிற்கிறார். காற்றே இல்லை, ஏரி மேல் ஒரு முழ உயரத்துக்கு மூடுபனி. குனிய முடியாதவர், ஒரு கையால் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தண்ணீரை உள்ளங்கையில் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஊரணியில் இறங்கும்போது அப்படித்தான் செய்வார். நான் பக்கத்தில் போகாமல் நின்றுகொண்டேன்.

ஹாரோ_நடையன்
செப்டம்பர் 1, இரவு 11.05

தங்கச்சி, வாசித்துவிட்டு என் மனைவிக்கும் காட்டினேன். மழைநாளில் போன பிள்ளை இனி எந்த நாளும் போவான். அடுத்த வருசம் மே மாதக் கடைசியில் பாருங்கோ. பொழுது ஒன்பதரைக்குத்தான் சாயும், பெரணி வளர்ந்திருக்காது, உண்ணிக்குக் கவனமாக இருந்தால் போதும்.

லீட்ஸ்காரன்
செப்டம்பர் 2, காலை 7.00

அக்கா, அத்தை விஷயத்தில் நான் நினைத்தது தப்பு. மரக்குடில்தான் சரி. அடுத்த முறை என் அம்மா வரும்போது நானும் இதையே செய்கிறேன். அந்தப் பண்ணையிடம் கேட்ட கேள்விகளை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. கிளம்பின காலை மூடுபனி என்றால் கூடாரம் ஈரமாகத்தான் சுருட்டியிருப்பீர்கள். இன்னும் பையிலேயே இருக்கிறதா? இன்றைக்கே பிரித்துக் கொடியில் போடுங்கள், தையல் ஓரங்கள் நன்றாகக் காய வேண்டும். மூன்று நாள் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

காரைக்குடி_மருமகள்
செப்டம்பர் 2, காலை 7.40

ஐயோ, பையில்தான் இருக்கிறது. பையனை எழுப்புகிறேன்.